பேக்கமன் அடிப்படை விதிகள்: தாயம் ஆடத் தெரிந்தவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தாயம் ஆடிப் பழகிய கைக்குப் பேக்கமன் பாதி தெரிந்த ஆட்டம். உருட்டுவது, எண்ணி வைப்பது, வெட்டுவது, பழம் எடுப்பது (சுற்றி முடித்த காயை வெளியேற்றுவது) எல்லாம் இதிலும் உண்டு. புதிதாக ஆடுகிறவர்கள் தடுக்கி விழுவதும் அந்தப் பழக்கத்தால்தான். தாயத்தில் மலை பலகையிலேயே வரைந்திருக்கும், காய் அதில் ஏறினால் பத்திரம். பேக்கமனில் வரைந்த மலை ஒன்றுகூடக் கிடையாது. இரண்டு காயைச் சேர்த்து வைத்து நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டும். கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் படியுங்கள். பலகையின் எண் மனதில் பதியாமல் வெட்டு விதிக்குப் போனால் எல்லாம் குழம்பும்.

1. முன்கூட்டியே தேவைப்படுபவை

ஆளுக்கு 15 காய், ஆறு முகப் பகடை இரண்டு, 24 முக்கோணம் வரைந்த பலகை ஒன்று. ஆட இருவர் போதும். பித்தளைத் தாயக்கட்டை இதற்கு உதவாது, அதில் 4, 5, 6 என்ற முகங்கள் இல்லை. லூடோப் பெட்டியில் வரும் பகடை சரியாக இருக்கும்.

கடையில் பலகை கிடைக்கவில்லை என்றால் ஒரு ஏ3 தாளில் வரைந்துவிடலாம். ஈரோடு, திருப்பூர் பக்கம் தையல் சாமான் கடைகளில் கிடைக்கும் 2 செ.மீ. தட்டைப் பொத்தான்கள் நல்ல காய்கள். கருப்பு 15, வெள்ளை 15 வாங்குங்கள். முக்கோணத்தின் அடிப்பகுதி 2.5 செ.மீ., உயரம் 11 செ.மீ. இருக்கட்டும். ஐந்து பொத்தானை வரிசையாக வைத்தால் 10 செ.மீ. வரும் என்பதால் இந்த உயரம்.

தாளின் கீழ் விளிம்பில் 12 முக்கோணம், மேல் விளிம்பில் 12 முக்கோணம். ஒவ்வொரு வரிசையிலும் ஆறு ஆறாகப் பிரித்து, நடுவில் மேலிருந்து கீழ்வரை 3 செ.மீ. அகலப் பட்டை விடுங்கள். இதுதான் நடுப்பட்டை. மொத்த அகலம் 33 செ.மீ. ஆகும், தாளில் தாராளமாக அடங்கும்.

தாளை அட்டையில் ஒட்டாமல் ஆடாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றில் பொள்ளாச்சி, உடுமலைத் திண்ணைகளில் தாளோடு பொத்தானும் பறக்கும். பாதி ஆட்டத்தில் காய் கலைந்தால் எங்கே இருந்தது என்று மீண்டும் வைக்கவே முடியாது.

பகடையைக் கையால் உருட்டுவதைவிட டம்ளரில் போட்டுக் குலுக்கி விடுவது நல்லது. வேண்டிய எண்ணைக் கைப்பக்குவத்தில் விழவைக்கிறார் என்ற பேச்சுக்கே இடம் இருக்காது.

2. பலகைக்கு எண் போடுவது

ஒவ்வொரு முக்கோணமும் ஒரு கட்டம். தாயத்தில் சொல்வது போலவே கட்டம் என்றே சொல்வோம்.

நீங்கள் கருப்பு, பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வலது கை ஓரத்தில், கீழ் வரிசையின் கடைசிக் கட்டம் 1. அங்கிருந்து இடது பக்கமாக 2, 3, 4, 5, 6. நடுப்பட்டையைத் தாண்டி 7 முதல் 12. அதற்கு நேர் மேலே, மேல் வரிசையின் இடது ஓரம் 13. மேல் வரிசையில் வலது பக்கமாக எண்ணினால் 18 வரை வந்து, நடுப்பட்டையைத் தாண்டி 19 முதல் 24.

1 முதல் 6 வரை உங்கள் வீடு. 19 முதல் 24 வரை எதிராளியின் வீடு. உங்கள் காய்கள் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணுக்கே வரும். மேல் வரிசையில் இடது பக்கம் போய், இடது ஓரத்தில் கீழே இறங்கி, கீழ் வரிசையில் வலது பக்கம் வந்து வீடு சேரும். எதிராளி அதே பாதையில் எதிர்த்திசையில் வருவார். உங்கள் 24 அவருக்கு 1, உங்கள் 1 அவருக்கு 24. எந்தக் கட்டமானாலும் இரண்டு பேர் எண்ணையும் கூட்டினால் 25 வரும்.

முதல் இரண்டு ஆட்டத்துக்குக் கட்டத்தின் ஓரத்தில் பென்சிலால் எண் எழுதிக்கொள்ளுங்கள். தாயத்தில் எல்லாக் காயும் ஒரே திசையில் சுற்றும். இங்கே இருவரும் எதிரெதிராக வருவதால், மூன்றாவது நான்காவது உருட்டிலேயே திசை மாறி வைத்துவிடுவார்கள். எழுதிய எண் அதைத் தடுக்கும்.

3. காய் அடுக்குவது

உங்கள் கருப்புக் காய்களை இப்படி வைக்க வேண்டும்:

24இல் 2
13இல் 5
8இல் 3
6இல் 5

எதிராளி அவருடைய எண்ணுக்கு இதே கணக்கில் வைப்பார். உங்கள் எண்ணில் பார்த்தால் அவருடைய வெள்ளைக் காய்கள் 1இல் 2, 12இல் 5, 17இல் 3, 19இல் 5 என்று இருக்கும்.

சரியாக அடுக்கினோமா என்று பார்க்க எளிய வழி உண்டு. காய் உள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் நேர் எதிரே, அதே எண்ணிக்கையில் மாற்று நிறம் இருக்க வேண்டும். 6இல் ஐந்து கருப்பு என்றால் நேர் மேலே 19இல் ஐந்து வெள்ளை. இப்படி அமையாவிட்டால் எங்கோ பிசகு. அடிக்கடி நடப்பது, 8இல் வைக்க வேண்டிய மூன்றை 7இல் வைப்பது. நடுப்பட்டைக்கும் அந்த மூன்று காய்க்கும் இடையில் ஒரு கட்டம் காலியாக இருக்க வேண்டும்.

4. யார் முதலில்

ஆளுக்கு ஒரு பகடை உருட்டுங்கள். பெரிய எண் விழுந்தவர் முதலில் ஆடுவார். அவர் மறுபடி உருட்டுவதில்லை, விழுந்து கிடக்கும் அந்த இரண்டு எண்ணையும் வைத்தே ஆடுவார். இருவருக்கும் ஒரே எண் விழுந்தால் திரும்ப உருட்ட வேண்டும். தாயம் விழும்வரை காத்திருப்பது இங்கே இல்லை, எல்லாக் காயும் ஏற்கெனவே களத்தில் இருக்கின்றன.

இரண்டாவது முறையிலிருந்து ஆளுக்கு இரண்டு பகடையும் உருட்டுவார்கள். உங்கள் வலப்பக்கப் பாதிப் பலகையில் பகடை தட்டையாக விழ வேண்டும். காய்மேல் ஏறினாலோ, சாய்ந்து நின்றாலோ, பலகையை விட்டு வெளியே போனாலோ இரண்டையும் மறுபடி உருட்டுங்கள். வைத்து முடித்துப் பகடையை எடுத்துவிட்டால் உங்கள் முறை முடிந்தது. அதுவரை வைத்த காயை மாற்றி வைக்கலாம்.

5. காய் நகர்த்துவது

புதியவர்கள் அதிகம் தப்பு செய்யும் இடம் இது. நிதானமாகப் பாருங்கள்.

இரண்டு பகடையும் இரண்டு தனித்தனி நகர்வு. 6-5 விழுந்தால் அதை 11 என்று கூட்டி ஒரே தாவாகத் தாவக் கூடாது. ஒரு காயை 6, இன்னொரு காயை 5 வைக்கலாம். ஒரே காய்க்கு இரண்டையும் வைக்கலாம், ஆனால் நடுவில் கால் ஊன்றும் கட்டம் திறந்திருக்க வேண்டும்.

எதிராளியின் காய் இரண்டோ அதற்கு மேலோ உள்ள கட்டம் மூடிய கட்டம். அங்கே இறங்க முடியாது. காலிக் கட்டம், உங்கள் காய் உள்ள கட்டம், எதிராளியின் ஒரே காய் உள்ள கட்டம் இம்மூன்றிலும் இறங்கலாம். ஒரு கட்டத்தில் உங்கள் காய் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம்.

ஆட்டத்தின் முதல் உருட்டாக 6-5 விழுகிறது என்று வைத்துக்கொண்டு, 24இல் உள்ள ஒரு காயை எடுத்துப் பாருங்கள். 5ஐ முதலில் வைத்தால் 19இல் இறங்க வேண்டும். அங்கே வெள்ளை ஐந்து உட்கார்ந்திருக்கிறது, முடியாது. 6ஐ முதலில் வைத்தால் 18, காலி. அங்கிருந்து 5 வைத்தால் 13, உங்கள் காய்களோடு பத்திரமாகச் சேர்ந்துவிடும். அதே காய், அதே எண்கள், ஆனால் ஒரு வரிசையில் வழி உண்டு, இன்னொன்றில் இல்லை. உண்மையில் 6-5க்கு வழக்கமாக ஆடும் நகர்வும் இதுதான்.

எண்ணும்போது நிற்கும் கட்டத்தை 1 என்று எண்ணாதீர்கள், அடுத்த கட்டம்தான் 1. நடுப்பட்டையும் எண்ணிக்கையில் சேராது. 7இலிருந்து 1 வைத்தால் பட்டையைத் தாண்டி 6க்கு வருவீர்கள்.

“ஏனுங், ரெட்டை விழுந்துச்சே, இன்னொருக்கா உருட்டலாமுங்களா?” என்ற கேள்வி தாயக்காரர்களிடமிருந்து கட்டாயம் வரும். உருட்ட முடியாது. தாயத்தில் 1, 5, 6, 12 விழுந்தால் மறு ஆட்டம் கிடைப்பது போல இங்கே எதுவும் கிடையாது. அதற்குப் பதில், இரட்டை விழுந்தால் அந்த எண்ணை நான்கு முறை வைக்கலாம். 3-3 விழுந்தால் நான்கு மூன்றுகள். ஒரே காய்க்கு நான்கும் வைக்கலாம், நான்கு காய்க்கும் பிரிக்கலாம்.

விழுந்த எண்ணை வைக்க வழி இருந்தால் வைத்தே ஆக வேண்டும், நமக்குப் பிடிக்காத நகர்வானாலும். ஒரு வரிசையில் வைத்தால் ஒரு எண்தான் ஆடும், வேறு வரிசையில் இரண்டும் ஆடும் என்றால், இரண்டும் ஆடும் வழியைத்தான் எடுக்க வேண்டும். இரண்டில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம், ஆனால் ஒன்றை வைத்தால் மற்றது அடைபட்டுப் போகிறது என்ற நிலையில் பெரிய எண்ணை வைக்க வேண்டும். எதுவுமே வைக்க முடியாவிட்டால் முறை எதிராளிக்குப் போகும். இந்த விதியைச் சொல்லாமல் ஆட ஆரம்பித்தால் பாதியில் சண்டை வரும். ஆட்டம் தொடங்கும் முன்பே இருவரும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

6. மலை கட்டுவதும் வெட்டுவதும்

தனியாக நிற்கும் ஒரு காய் ஒற்றைக்காய். எதிராளியின் எண் சரியாக அங்கே விழுந்தால் அது வெட்டுப்படும், நடுப்பட்டைக்குப் போகும். இரண்டு காய் சேர்ந்து நின்றால் யாராலும் தொட முடியாது. அதுதான் நீங்கள் கட்டிய மலை. அது உங்கள் காய்க்குப் பாதுகாப்பு, எதிராளியின் வழிக்குத் தடை. தாயத்து மலைக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இந்த இரண்டாவது வேலைதான்.

ஆறு மலைகளை அடுத்தடுத்த கட்டங்களில் கட்டிவிட்டால், அதற்குப் பின்னால் மாட்டிய காய் எந்த எண் விழுந்தாலும் தாண்ட முடியாது. பகடையின் பெரிய எண் 6. அதனால் தாவி அப்பால் இறங்க இடமே இருக்காது.

முதல் உருட்டிலேயே மலை கட்டும் நான்கு எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்:

3-1: 8இலிருந்து ஒன்று, 6இலிருந்து ஒன்று, இரண்டும் 5க்கு
4-2: 8இலிருந்தும் 6இலிருந்தும் 4க்கு
5-3: 8இலிருந்தும் 6இலிருந்தும் 3க்கு
6-1: 13இலிருந்தும் 8இலிருந்தும் 7க்கு

இதில் 3-1 மிக நல்ல உருட்டு. 5, 6 இரண்டும் உங்கள் மலை ஆகிவிடும், 8இலும் இரண்டு காய் மிச்சம் இருக்கும். எதிராளியின் பின்காய்கள், அதாவது உங்கள் 1இல் நிற்கும் அவருடைய இரண்டு காய்கள், அங்கே நெருக்கப்படும்.

ஒற்றைக்காய் விடாமல் ஆடவே முடியாது. எங்கே விடுவது என்பதில்தான் கணக்கு. இரண்டு பகடையும் 36 விதமாக விழலாம். எதிராளியின் ஒரு காய் உங்கள் ஒற்றைக்காய்க்கு 6 கட்டம் பின்னால் இருந்தால், நடுவில் தடை இல்லாதபோது 36இல் 17 முறை வெட்டுப்படும். 7 கட்டம் தள்ளி இருந்தால் வெறும் 6 முறை. ஒரே ஒரு கட்டத்தில் ஆபத்து மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிடுகிறது! காரணம், 7 என்ற எண் எந்தப் பகடை முகத்திலும் கிடையாது, இரண்டும் சேர்ந்துதான் வர வேண்டும்.

6க்குள் விட்டே ஆக வேண்டும் என்றால் முடிந்தவரை ஒட்டி விடுங்கள். 1 கட்டம் என்றால் 11 முறை, 2 என்றால் 12, 3 என்றால் 14, 4க்கும் 5க்கும் 15. பயந்து போய் 1 கட்டத்திலிருந்து 6 கட்டத்துக்கு ஓடுகிறவர்கள் ஆபத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள்.

பெரும்பாலான வீட்டுத் தாயத்தில் ஒரு வெட்டாவது வெட்டினால்தான் உள்சுற்றுக்குப் போக முடியும். இங்கே வெட்டு கட்டாயமே இல்லை. வெட்டாமல் வேறு காய் வைக்கலாம். ஒரே முறையில் இரண்டு காயையும் வெட்டலாம்.

7. வெட்டுப்பட்ட காயை இறக்குவது

நடுப்பட்டையில் உங்கள் காய் இருக்கும்வரை வேறு எந்தக் காயையும் தொடக் கூடாது. புதியவர்கள் மறக்கும் முதல் விதி இது. அதனால் வெட்டுப்பட்ட காயைப் பலகைக்கு வெளியே வைக்காதீர்கள். பட்டையின் நடுவே, கண் படும் இடத்தில் வையுங்கள்.

காய் எதிராளியின் வீட்டில் இறங்கும். 1 விழுந்தால் உங்கள் 24இல், 2க்கு 23இல், இப்படி 6க்கு 19இல். அந்தக் கட்டம் மூடியிருந்தால் அந்த எண் பயன்படாது.

உதாரணமாக எதிராளி அவருடைய 4, 5, 6ஐ மூடிவிட்டார், உங்களுக்கு 5-3 விழுந்தது. 5 இறங்காது. 3ஆல் 22இல் இறங்கலாம். இறங்கிய பிறகு மீதி 5ஐ எந்தக் காய்க்கும் வைக்கலாம். ஆனால் பட்டையில் உங்கள் காய் இரண்டு இருந்தால் ஒன்றுதான் இறங்கும், 5 வீண்.

எதிராளி மூடிய கட்டம் இரண்டு என்றால் 36இல் 32 முறை இறங்கிவிடலாம். மூன்று என்றால் 27, நான்கு என்றால் 20. ஐந்து என்றால் 11தான். ஆறும் மூடியிருந்தால் உருட்டவே வேண்டியதில்லை, வழி திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். வெட்டும் முன் சொந்த வீட்டில் மலை கட்டுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். வீடு திறந்து கிடக்கும்போது வெட்டினால் காய் அடுத்த உருட்டிலேயே இறங்கி, உங்கள் ஒற்றைக்காயைத் திருப்பி வெட்டிவிடும்.

8. பழம் எடுப்பது

15 காயும் 1 முதல் 6க்குள் வந்து சேர்ந்த பிறகே பழம் எடுக்கலாம். ஒன்று வெளியே நின்றாலும் முடியாது. பழம் எடுக்கும்போது நடுவில் ஒரு காய் வெட்டுப்பட்டால், அது சுற்றி மறுபடி வீடு வரும்வரை பழம் நிற்கும்.

விழுந்த எண்ணுள்ள கட்டத்திலிருந்து காயை எடுக்கலாம். அங்கே காய் இல்லை என்றால், அதைவிடப் பெரிய கட்டத்தில் காய் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால் இருப்பதிலேயே பெரிய கட்டத்திலிருந்து ஒரு காயை எடுக்க வேண்டும்.

5இல் இரண்டு, 4இல் ஒன்று, 2இல் மூன்று காய் மிச்சம், 6-3 விழுகிறது என்று வைப்போம். 6இல் காய் இல்லை, அதற்கு மேலும் இல்லை. எனவே 5இலிருந்து ஒன்று பழம். 3க்கு அந்தக் கட்டத்தில் காய் இல்லை, ஆனால் 5இலும் 4இலும் காய் இருக்கிறது. 2இல் உள்ளதை எடுக்கக் கூடாது. 5ஐ 2க்கோ 4ஐ 1க்கோ நகர்த்த வேண்டும். சின்னக் கட்டத்துக் காயைப் பெரிய எண்ணால் எடுத்துவிடுவது இங்கே அடிக்கடி நடக்கும் தப்பு.

தாயம் போலச் சரியான எண்ணுக்காகக் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. எதிராளியின் காய்கள் உங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டால், முடிந்த இடத்திலெல்லாம் நகர்த்துவதை விட்டுப் பழத்தையே எடுங்கள்.

9. புள்ளியும் டபுளிங் கியூபும்

முதலில் 15ஐயும் எடுத்தவர் வென்றார், ஒரு புள்ளி. தோற்றவர் ஒரு பழம்கூட எடுக்கவில்லை என்றால் இரண்டு புள்ளி, இதற்குக் கேமன் என்று பெயர். ஒரு பழமும் எடுக்காமல், அவருடைய காய் ஒன்றாவது நடுப்பட்டையிலோ வென்றவர் வீட்டிலோ மாட்டியிருந்தால் மூன்று புள்ளி, அதுதான் பேக்கமன். அதனால் தோற்பது உறுதி என்று தெரிந்தாலும் ஆட்டத்தை விட்டுவிடாதீர்கள். ஒரு பழம் எடுத்துவிட்டால் இழப்பு பாதியாகும்.

2, 4, 8, 16, 32, 64 என்று எழுதிய கட்டைதான் டபுளிங் கியூப். தொடக்கத்தில் 64 மேலே தெரிய நடுவில் இருக்கும், அப்போது ஆட்டத்தின் மதிப்பு 1. உங்கள் முறையில், உருட்டும் முன்பு, மதிப்பை இரட்டிப்பாக்கலாமா என்று கேட்கலாம். எதிராளி மறுத்தால் பழைய மதிப்போடு தோற்றதாகும். ஏற்றால் கட்டை அவர் பக்கம் போகும், அடுத்த முறை இரட்டிப்பாக்கும் உரிமை அவருக்கு மட்டுமே.

எப்போது ஏற்பது? கேமன் ஆபத்து இல்லாத நிலையில் நான்கில் ஒரு ஆட்டமாவது வெல்ல முடிந்தால் ஏற்கலாம். நான்கு முறையும் மறுத்தால் 4 புள்ளி போகும். ஏற்று மூன்றில் தோற்று ஒன்றில் வென்றால் 6 போய் 2 வரும், அதுவும் 4தான்.

காசு வைக்காமல் ஐந்து புள்ளி ஆட்டமாகத் தாளில் எழுதி ஆடுங்கள்.

10. முதல் வாரம் பழகும் வரிசை

முதல் ஆட்டத்தில் பாதிப் பலகையே போதும். இருவரும் 15 காயையும் அவரவர் வீட்டில் விருப்பம் போல அடுக்கி, பழம் மட்டும் எடுத்துப் பாருங்கள். எட்டாம் படி கைக்கு வந்துவிடும். பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் அப்புச்சிகளுக்கும் அம்மிச்சிகளுக்கும் இதுவே நல்ல தொடக்கம். குழந்தைக்கு ஜெயிப்பது எப்படி என்று முதலிலேயே தெரிந்துவிடும்.

பிறகு முழுப் பலகையில் கியூப் இல்லாமல் நான்கைந்து ஆட்டம். ஒவ்வொரு முறையும் காயைத் தொடும் முன் மூன்று கேள்வி: பட்டையில் என் காய் உண்டா, மலை கட்ட எண் இருக்கிறதா, நான் விடும் ஒற்றைக்காய்க்கு எதிராளி எத்தனை கட்டம் தள்ளி?

அதன்பின் ஓட்டக் கணக்கு. ஒவ்வொரு காயும் வெளியேற எத்தனை கட்டம் போக வேண்டும் என்று கூட்டுங்கள். தொடக்கத்தில் 24இல் இரண்டு 48, 13இல் ஐந்து 65, 8இல் மூன்று 24, 6இல் ஐந்து 30, ஆக 167. இரட்டைகளையும் சேர்த்து ஒரு உருட்டுக்குச் சராசரியாக எட்டுக்குச் சற்று மேல் நகரலாம். நீங்கள் 90, எதிராளி 110 என்றால் இரண்டு உருட்டுக்கு மேல் முந்தியிருக்கிறீர்கள். வெட்டுக்கு நிற்காமல் வீட்டுக்கு ஓடுங்கள். பின்தங்கியிருந்தால் பின்காய்களை எதிராளி வீட்டிலேயே மலையாக நிறுத்தி, அவர் ஒற்றைக்காய் விடும்வரை காத்திருங்கள். இந்தக் கூட்டல் தடங்கலின்றி வந்த பிறகு கியூபைப் பலகையில் வையுங்கள்.